தொண்ணூறு பதினைந்தான கதை

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் கடலில் மூன்று எண்ணெய்த் தேடல் பகுதிகள். அவற்றில் 90 விழுக்காடு எஃப்.ஏ.ஆர். லிமிடெட் என்ற சின்ன ஆஸ்திரேலியக் கம்பெனியிடம் இருந்தது. மீதி 10 செனகல் அரசின் பெட்ரோசென்னுக்கு. 2013ல் எஃப்.ஏ.ஆர். தன் 90ல் 75ஐ வேறு இரண்டு கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்தது. கணக்கு முடிந்தபோது ஸ்காட்லாந்தின் கெய்ர்ன் எனர்ஜியிடம் 40, அமெரிக்காவின் கோனோகோபிலிப்ஸிடம் 35. எஃப்.ஏ.ஆர். தனக்கென்று வைத்துக்கொண்டது வெறும் 15.

அந்தக் கம்பெனி செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்பேன். ஏழு வருஷம் கழித்து அந்தப் பதினைந்தையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை என்பது கதையின் இன்னொரு பாதி.

நான் ஜியாலஜிஸ்ட் கிடையாது, கணக்குப் பார்க்கிறவன். சென்னையில் உட்கார்ந்தபடி வெளிநாட்டு எண்ணெய் வயல்களின் கூட்டுக் கணக்கைப் பார்ப்பது பிழைப்பு. ஒரு வயலை ஐந்து பேர் சேர்ந்து வைத்திருப்பார்கள். வேலையைச் செய்வது ஒருவர், அவர்தான் ஆபரேட்டர். அவர் செலவழிக்கிற ஒவ்வொரு டாலரையும் பங்கு விகிதப்படி பிரித்து மற்றவர்களுக்கு பில் போடுவது எங்கள் வேலை. கடலையும், கிணறு தோண்டும் மேடையான ரிக்கையும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் யாரிடம் காசு இருக்கிறது, யார் திணறுகிறார்கள் என்பது எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

சரி, 90ஐ ஏன் கொடுத்தார்கள்?

எஃப்.ஏ.ஆர். 2006ல் செனகலுக்குப் போனது. ஹண்ட் ஆயில் என்ற அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து, கடலுக்கடியில் ஒலி அலைகளை அனுப்பிப் பாறை அடுக்குகளைப் படமெடுக்கும் முப்பரிமாண சீஸ்மிக் ஆய்வை ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டருக்குச் செய்தது. பிறகு ஹண்ட் விலகிக்கொள்ள, பங்கு முழுக்க எஃப்.ஏ.ஆர். தலையில் விழுந்தது. படம் நன்றாகத்தான் இருந்தது. கண்டத்திட்டின் விளிம்பில் எண்ணெய் தேங்கியிருக்கக்கூடிய அமைப்புகள் தெரிந்தன. ஆனால் படத்தை வைத்துக்கொண்டு எண்ணெய் எடுக்க முடியாது, கிணறு தோண்ட வேண்டும். தேடல் உரிமம் என்பது காலவரையறை உள்ள சங்கதி. குறிப்பிட்ட காலத்துக்குள் இத்தனை கிணறு தோண்டுகிறேன் என்று அரசுக்கு வாக்குக் கொடுத்துத்தான் அதை வாங்குகிறார்கள். தோண்டாவிட்டால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அங்கே தண்ணீரின் ஆழமே ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஆழ்கடல் ரிக் ஒன்றின் ஒரு நாள் வாடகை அந்தச் சமயத்தில் 5 லட்சம் டாலரைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாடகை மட்டும்தான் அது. சப்ளை படகு, ஹெலிகாப்டர், இரும்புக் குழாய், சிமென்ட், துளையிடும் சேறு, இதையெல்லாம் இயக்கத் தெரிந்த ஆட்கள் என்று எல்லாம் சேர்த்தால் ஒரு கிணறு 10 கோடி டாலரைத் தாண்டுவது சாதாரணம். யாரும் இதுவரை எண்ணெய் காணாத கடலில் ஐந்து கிணறு தோண்டினால் நான்கு வறண்டு போவதும் சாதாரணம். பங்குச்சந்தையில் அவ்வப்போது சில கோடி டாலர் திரட்டி ஓட்டும் கம்பெனி இப்படி ஒரு கிணற்றைத் தனியாகத் தோண்ட நினைப்பது தற்கொலைக்குச் சமம். 90 விழுக்காடு வைத்திருந்தால் செலவு 90 விழுக்காடு இல்லை, நூறு. தேடல் கட்டத்தில் அரசுக் கம்பெனியின் பங்குச் செலவையும் மற்றவர்கள்தான் சுமப்பது வழக்கம்.

ஆகவே எல்லாச் சின்னக் கம்பெனிகளும் செய்வதை எஃப்.ஏ.ஆரும் செய்தது. சீஸ்மிக் தரவுகளை எடுத்து வைத்து, பெரிய கம்பெனிகளின் ஜியாலஜிஸ்டுகளைக் கூப்பிட்டுக் காட்டியது. இந்தத் தொழிலில் இதை ஃபார்ம்-அவுட் என்பார்கள். பேரம் எளிமையானது: “என் பங்கில் பெரும்பகுதியை எடுத்துக்கொள். பதிலுக்கு, எனக்கு மிஞ்சிய பங்குக்கு வரும் கிணற்றுச் செலவையும் நீயே போடு.” இப்படி அடுத்தவர் காசில் சவாரி செய்வதற்குப் பெயர் கேரி. அதற்கு எப்போதும் ஓர் உச்சவரம்பு உண்டு. இத்தனை கோடி வரை நான் போடுகிறேன், அதற்குமேல் போனால் உன் பங்கை நீ போடு என்று எழுதியிருக்கும். பேரம் பேசுகிற நாளில் அந்த வரம்பு வெகு தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

கெய்ர்ன் வந்ததில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ராஜஸ்தானின் பார்மர் பாலைவனத்தில் ஷெல் 1990களில் உரிமம் எடுத்துத் தேடிய பகுதிக்குள், அப்போது சின்னக் கம்பெனியாக இருந்த கெய்ர்ன், கூட்டாளியாக நுழைந்தது. ஷெல்லுக்குப் படிப்படியாக ஆர்வம் குறைய, 2002ல் அதன் மிச்சப் பங்கையும் சுமார் 72 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. 2004 ஜனவரியில் மங்களா வயல் கிடைத்தது. இந்திய நிலப்பரப்பில் பல பத்தாண்டுகளில் கிடைத்தவற்றில் பெரியது. கெய்ர்ன் இந்தியாவின் பெரும்பங்கை வேதாந்தாவுக்கு விற்ற பணத்தோடு அடுத்த கடலைத் தேடிக் கிளம்பிய கெய்ர்ன்தான் செனகலில் எஃப்.ஏ.ஆருக்குப் பெரியண்ணன் ஆனது. ஒரு காலத்தில் பெரியவனோடு ஒட்டிக்கொண்ட சின்னவன், பத்து வருஷத்தில் இன்னொரு சின்னவனுக்குப் பெரியவன்.

காசு தவிரப் பெரிய கம்பெனி வேறு என்ன தருகிறது என்று கேட்டால், முதலில் நம்பகத்தன்மையைச் சொல்வேன். கோனோகோபிலிப்ஸ் மாதிரி ஒரு கம்பெனி கையெழுத்துப் போடுகிறதென்றால், அதன் ஜியாலஜிஸ்டுகள் அந்தப் படங்களை மாதக்கணக்கில் அலசியிருக்கிறார்கள் என்று சந்தை எடுத்துக்கொள்ளும். சின்னக் கம்பெனி நூறு பிரசன்டேஷன் போட்டாலும் கிடைக்காத மதிப்பு அந்த ஒரு கையெழுத்தில் கிடைத்துவிடும். அடுத்தது ரிக். நல்ல ஆழ்கடல் ரிக்குகளைப் பெரிய கம்பெனிகள் வருஷக்கணக்கில் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும். ஒரு நாட்டில் வேலை முடிந்ததும் அதே ரிக்கை அடுத்த நாட்டுக்கு ஓட்டிவரலாம். ஒரே ஒரு கிணறு தோண்ட ஆசைப்படுகிற சின்னக் கம்பெனிக்கு ரிக் உரிமையாளர் நேரம் ஒதுக்கவே யோசிப்பார்.

மூன்றாவது, விபத்து. 2010ல் மெக்சிகோ வளைகுடாவில் மகோண்டோ எண்ணெய்க் கிணறு வெடித்தபோது அனடார்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி அங்கே வெறும் 25 விழுக்காட்டுப் பங்குதாரர். கிணற்றைத் தோண்டியது பிரிட்டனின் பி.பி. அப்படியும் அனடார்கோ 400 கோடி டாலர் கட்டித்தான் பி.பி.யோடு கணக்கை முடித்தது. இந்த அளவு அடி ஒரு சின்னக் கம்பெனி மேல் விழுந்தால், பெயர்ப்பலகைகூட மிஞ்சாது.

இனி எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். மாதாமாதம் ஆபரேட்டர் எல்லாப் பங்குதாரர்களுக்கும் ஒரு தாள் அனுப்புவார். கேஷ் கால். அடுத்த மாதம் இன்ன செலவு வரும், உங்கள் பங்கு இவ்வளவு, இன்ன தேதிக்குள் இந்த வங்கிக் கணக்கில் போடுங்கள் என்று இருக்கும். பார்ப்பதற்கு அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும் அந்தத் தாளில் கடைசி வரியில் ஏழெட்டு பூஜ்யங்கள் இருக்கும். ரிக் ஒரு வரி, குழாய் ஒரு வரி, சேறு ஒரு வரி, ஹெலிகாப்டர் ஒரு வரி, ரிக்கில் இருப்பவர்களின் சாப்பாடு ஒரு வரி, எங்களைப் போன்ற பின்னணி ஆட்களின் சம்பளம் “மேல்நிலைச் செலவு” என்று ஒரு வரி.

பெரிய பங்குதாரர்களிடமிருந்து கேள்வியே வராது. பணம் வந்துவிடும். சின்னப் பங்குதாரரின் அக்கவுன்டன்ட் மட்டும் மெயில் போட்டுக்கொண்டே இருப்பார். ஒருமுறை, கரைக்கும் ரிக்குக்கும் இடையே ஹெலிகாப்டர் ஒரு நாள் கூடுதலாகப் போய்வந்தது ஏன் என்று ஒரு சின்னப் பங்குதாரர் விடாப்பிடியாகக் கேட்டார். எங்கள் டீமில் சிரித்தார்கள். மொத்த பில்லில் அது கொசு. ஆனால் அந்த மனிதருக்கு அது கொசு இல்லை. கேரி முடிந்து சொந்தக் காசைப் போட ஆரம்பித்திருந்த மாதம் அது. வரம்பு எப்போது தாண்டியது என்பதை அறிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, வருகிற மெயிலின் எண்ணிக்கையே சொல்லிவிடும்.

செனகலுக்குத் திரும்புவோம். 2014 அக்டோபரில் முதல் கிணறு ஃபேன்-1ல் எண்ணெய். நவம்பரில் எஸ்.என்.இ.-1ல் மறுபடியும் எண்ணெய், அதுவும் 1,100 மீட்டர் தண்ணீரில். அந்த வருஷம் உலகத்தில் கிடைத்த எண்ணெய் வயல்களிலேயே பெரியது இந்த இரண்டாவது கிணற்றில் கிடைத்ததுதான் என்று பேசப்பட்டது. யாருக்கும் பெயர் தெரியாத கம்பெனி, தன் காசை அதிகம் இறக்காமல், இப்படி ஒரு கண்டுபிடிப்பில் பதினைந்து பங்கோடு நிற்கிறது. கூட்டாளி சேர்த்ததன் பலன் இதைவிடத் தெளிவாக எங்கும் கிடைக்காது. 90ஐக் கட்டிப் பிடித்திருந்தால் உரிமம் காலாவதியாகிப் போயிருக்கும். பூஜ்யத்தில் 90 விழுக்காடு என்றாலும் பூஜ்யம்தான்.

என்னைக் கேட்டால், அந்தப் பங்கை விற்பதற்குச் சரியான சமயம் அதற்கடுத்த இரண்டு மூன்று வருஷங்கள்தான். எண்ணெய் இருப்பது உறுதியாகிவிட்டது, கட்டுமான பில் இன்னும் வரவில்லை. கோனோகோபிலிப்ஸ் அதைத்தான் செய்தது. ஆழ்கடலே வேண்டாம் என்று முடிவெடுத்து, 2016ல் தன் 35ஐ ஆஸ்திரேலியாவின் உட்சைடுக்கு 35 கோடி டாலருக்கு விற்றது. எஃப்.ஏ.ஆர். இதை எதிர்த்தது. வெளியாளுக்கு விற்கும் முன் கூட்டாளிக்கு முதல் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்ற விதியை மீறிவிட்டார்கள் என்று சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. நியாயம் எந்தப் பக்கம் என்பது இருக்கட்டும், 35 கோடி டாலர் கொடுத்து வாங்கும் நிலையில் எஃப்.ஏ.ஆர். இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் தோல்வி.

2018 இறுதியில் உட்சைட் ஆபரேட்டர் ஆனது. 2020 ஜனவரியில் வயலைக் கட்டியெழுப்புவது என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கட்டச் செலவு 420 கோடி டாலர். உற்பத்திப் பகுதியில் பெட்ரோசென் தன் பங்கைக் கூட்டிக்கொண்டதால் எஃப்.ஏ.ஆரின் 15 அதற்குள் 13.67 ஆகியிருந்தது. பெருக்கிப் பார்த்தால் அதன் பங்குக்கு ஏறக்குறைய 57 கோடி டாலர். இப்போது கேரியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வங்கிக் கடன்தான் வழி. அதற்கு ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் மார்ச் வந்தது. கொரோனா. ஜனவரியில் 60 டாலருக்கு மேல் விற்ற பிரென்ட் கச்சா எண்ணெய் ஏப்ரலில் 20க்கும் கீழே. கடன் கொடுக்க இருந்தவர்கள் கையை விரித்தார்கள். ஆபரேட்டரின் கேஷ் கால் மட்டும் தேதி தவறாமல் வந்தது. ஒப்பந்தம் போட்டாயிற்று, உற்பத்திக் கப்பலைக் கட்டுகிற பட்டறை காத்திருக்காது. 2020 ஜூனில் எஃப்.ஏ.ஆரால் பணம் கட்ட முடியவில்லை.

கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொங்கு நாட்டில் கூட்டுக் கிணறு வைத்திருக்கும் எந்த விவசாயியும் சொல்வார். பங்காளிகள் சேர்ந்து கிணற்றை ஆழப்படுத்தும்போது தன் பங்குக் காசைப் போடாதவனுக்குத் தண்ணீர் முறை போய்விடும். எண்ணெய்க் கூட்டு ஒப்பந்தத்தில் இதையே நாற்பது பக்கத்தில் எழுதியிருப்பார்கள். கட்டாதவரின் தொகையை மற்றவர்கள் கட்டுவார்கள், அதற்கு வட்டி ஓடும். அவருக்கு ஓட்டு கிடையாது. குறிப்பிட்ட மாதங்களுக்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால் பங்கே பறிபோகும், நஷ்டஈடு ஒரு சல்லிக் காசு கிடையாது. இந்த விதி கொடுமையானதுதான். ஆனால் இல்லாவிட்டால் யாருமே யாரோடும் கூட்டுச் சேர மாட்டார்கள்.

இப்படிக் கழுத்தில் கத்தி இருக்கும்போது விற்கிறவனுக்கு என்ன விலை கிடைக்கும்? அதே 2020ல் கெய்ர்னும் வெளியேறியது. அதன் 36.44 விழுக்காட்டுக்கு ரஷ்யாவின் லூக்காயில் 30 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. உற்பத்தி தொடங்கினால் மேற்கொண்டு 10 கோடி வரை. முதல் வாய்ப்பு உரிமையைப் பயன்படுத்தி உட்சைட் அதை அதே விலைக்கு எடுத்துக்கொண்டது. நவம்பரில் எஃப்.ஏ.ஆருக்கு நம்மூர் ஓ.என்.ஜி.சி. விதேஷ் ஆள் அனுப்பியது. 4.5 கோடி டாலர், கூடவே அந்த வருஷம் போட்ட காசைத் திருப்பித் தருவது, எண்ணெய் விலை ஏறினால் பின்னால் 5.5 கோடி வரை. உட்சைட் அதையும் அதே உரிமையைக் காட்டி எடுத்துக்கொண்டது. கையில் கிடைக்கும் முதல் தொகையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு விழுக்காட்டுக்கு கெய்ர்னுக்குச் சுமார் 82 லட்சம் டாலர். எஃப்.ஏ.ஆருக்குச் சுமார் 33 லட்சம். ஒரே வயல், ஒரே வருஷம். ஒருவருக்குப் பாக்கி இல்லை, இன்னொருவருக்குக் கெடு ஓடிக்கொண்டிருந்தது. கோனோகோபிலிப்ஸ் விற்றபோது எந்த உரிமையைக் கேட்டு எஃப்.ஏ.ஆர். நடுவர் மன்றம் ஏறியதோ, அதே உரிமையால்தான் அதன் பங்கும் உட்சைடின் மடியில் விழுந்தது.

2024 ஜூனில் சாங்கோமார் என்று பெயர் மாறியிருந்த அந்த வயலிலிருந்து முதல் எண்ணெய் வந்தது. லியோபோல்ட் செடார் செங்கோர் என்று செனகலின் முதல் குடியரசுத் தலைவர் பெயரைத் தாங்கிய உற்பத்திக் கப்பல், நாளொன்றுக்கு ஒரு லட்சம் பீப்பாய்த் திறன். பங்குதாரர்கள் இரண்டே பேர்: உட்சைட் 82, பெட்ரோசென் 18.

எஃப்.ஏ.ஆருக்கு நேர்ந்ததைப் பார்த்துவிட்டு, பெரிய மீன் சின்ன மீனை விழுங்கிவிட்டது என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அது பத்தாது. கேரி எந்தக் கட்டம் வரை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கானாவின் ஜூபிலி வயலைப் பாருங்கள். கானாக்காரர்கள் தொடங்கிய இ.ஓ. குரூப் அங்கே கோஸ்மோஸ் எனர்ஜியோடு சேர்ந்து வெறும் 3.5 விழுக்காடு வைத்திருந்தது. அது தேடல் கிணற்றோடு நின்றுவிடாமல் வயல் கட்டும் கட்டத்திலும் சுமக்கப்பட்ட பங்கு. 2010 நவம்பரில் எண்ணெய் வந்தது. 2011ல் டல்லோ என்ற எண்ணெய்க் கம்பெனி அந்தப் பங்கை 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. எண்ணெய் அப்போது நூறு டாலரைத் தாண்டியிருந்தது, வயலும் வேறு, ஆகவே நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் அவர்கள் விற்ற நாளில் யாரும் கதவைத் தட்டி பில் கொடுக்கவில்லை.

அந்த கோஸ்மோஸே 2003ல் டல்லாஸில் சில பேர் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. 2015ல் செனகல், மொரிட்டானியா எல்லைக் கடலில் டார்ட்யூ என்ற பெரிய எரிவாயு வயலைக் கண்டுபிடித்தது. தண்ணீர் ஆழம் 2,850 மீட்டர் வரை. எரிவாயு எண்ணெய் மாதிரி இல்லை. குளிரவைத்துத் திரவமாக்கி, வாங்க ஆள் பிடித்து, அதற்குப் பிறகுதான் காசு. கண்டுபிடித்ததோடு கோஸ்மோஸின் திறமை முடிந்தது. 2016 டிசம்பரில் பி.பி.யை உள்ளே இழுத்தது. கையில் 16.2 கோடி டாலர், தேடல் செலவுக்கு 22.1 கோடி வரை கேரி, வயல் கட்டும் செலவுக்கு 53.3 கோடி வரை கேரி. அந்தக் கடைசி எண்தான் எஃப்.ஏ.ஆரிடம் இல்லாதது. திரவ எரிவாயுவை வாங்கிக்கொள்ளவும் பி.பி.யே ஒப்புக்கொண்டது.

அப்படி எழுதி வாங்கியும் போதவில்லை. 2022ல் வர வேண்டிய வாயு கொரோனாவாலும் கட்டுமானத் தாமதங்களாலும் தள்ளித் தள்ளிப் போய் 2025ல்தான் முதல் சரக்குக் கப்பல் கிளம்பியது. 53.3 கோடியெல்லாம் அதற்கு வெகு முன்பே கரைந்திருந்தது. கோஸ்மோஸ் தன் பங்குச் செலவைச் சமாளிக்க 2021ல் உற்பத்திக் கப்பலை பி.பி.யின் துணை நிறுவனத்துக்கு விற்று, அதையே திரும்பக் குத்தகைக்கு எடுக்கும் ஏற்பாட்டுக்குப் போனது. பெரிய கூட்டாளி இருப்பதன் சௌகரியம் அதுதான், இன்னொரு முறை கை நீட்ட ஆள் இருக்கிறது. ஆனால் சில சரக்குகளை வெளியே நல்ல விலைக்கு விற்க முயன்றபோது அதே பி.பி. ஒப்பந்தத்தைக் காட்டியது. விவகாரம் நடுவர் மன்றம் போய், பி.பி. பக்கம் தீர்ப்பானது. உடன் பங்குதாரரே சரக்கை வாங்குபவராகவும் இருந்தால் விலை பேச யாரிடம் போவது?

இதையெல்லாம் படித்துவிட்டு, கம்பெனி அறிக்கைகளில் “முக்கியக் கூட்டாளி இணைந்தார்” என்ற செய்தி வரும்போது நான் பங்கு சதவிகிதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கேரி எந்த வேலை வரை, உச்சவரம்பு எவ்வளவு, வயல் கட்டும் கட்டத்துக்கு ஏதாவது உண்டா என்று தேடுகிறேன். பாதி அறிக்கைகளில் அது பத்தாவது பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கும்.

எஃப்.ஏ.ஆர். அதற்குள் பக்கத்து நாடான காம்பியாவுக்குப் போயிருந்தது. சாங்கோமாருக்குத் தெற்கே, அதே விளிம்பின் தொடர்ச்சி. அங்கேயும் அதே முறைதான்: மலேசியாவின் பெட்ரோனாஸைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது. 2018ல் சாமோ-1 கிணறு, 2021ல் பாம்போ-1 கிணறு. இரண்டிலும் எடுத்து விற்கும் அளவுக்கு எண்ணெய் இல்லை. பெட்ரோனாஸ் விலகிக்கொண்டது. எஃப்.ஏ.ஆர். சீஸ்மிக் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த கூட்டாளியைத் தேட ஆரம்பித்தது.